ஒரு தொகுதியின் கதை: மினசோட்டாவின் ஐந்தாம் காங்கிரஸ் தொகுதி

2019ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் புதிய பிரதிநிதிகள் சபை கூடியது. உறுப்பினர் ஆசனங்களுள் ஒன்றில் முக்காடு அணிந்த ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். அவர் பெயர் இல்ஹான் உமர்.

சபைக்குள் எவரும் தொப்பி அணியக்கூடாது என்றொரு விதி 1837ஆம் ஆண்டு முதல் அங்கு இருந்து வந்தது. ஆண்கள் தொப்பியோடு சபையில் அமரும் வழக்கத்தை நிறுத்துவதற்காக அக்காலத்தில் இயற்றப்பட்ட விதி அது. 181 ஆண்டுகளின் பின்னர், சமயக் காரணத்திற்காகத் தலையை மறைப்போருக்கு அவ்விதி பொருந்தாது எனத் திருத்தப்பட்டது. அவரைத் தெரிவுசெய்து அனுப்பிய மினசோட்டா மாநிலத்தின் ஐந்தாம் தொகுதி எப்படிப்பட்டது? அவருக்கு முன்னர் அந்த ஆசனத்தில் அமர்ந்தோர் யாவர்? குடியியலும் வரலாறும் கற்கும் மாணவியருக்கு இது பயனுள்ள பாடமாகும்.

காங்கிரஸ் தொகுதி என்பது என்ன?

அமெரிக்கக் காங்கிரசுக்கு இரண்டு சபைகள் உண்டு. செனற் சபையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் இருவர் வீதம் 100 பேர் இருப்பர். பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுடைய உறுப்பினர்கள் 435 பேர். எமது நாட்டில் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து விகிதாசார முறையில் 196 பேரும், தேசியப் பட்டியல் மூலம் 29 பேரும் பாராளுமன்றம் செல்கின்றனர். அங்கு விருப்பு வாக்கோ தேசியப் பட்டியலோ இல்லை. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் மட்டுமே. அவருடைய பதவிக்காலமும் இரண்டே ஆண்டுகள்தான்.

பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை குடிசன மதிப்பீடு நடைபெறும். 435 என்ற மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. எந்த மாநிலத்திற்கு எத்தனை ஆசனம் என்பதே சனத்தொகைக்கேற்ப மாறும். 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்போது மினசோட்டா தனது எட்டாவது ஆசனத்தை மயிரிழையில் காப்பாற்றிக்கொண்டது. நியூயோர்க் மாநிலத்தில் இன்னும் 89 பேர் மட்டும் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால், அந்த ஆசனம் நியூயோர்க்கிற்குப் போயிருக்கும். 89 பேர் என்றால் எமது பாடசாலையில் இரண்டு மூன்று வகுப்பறைப் பிள்ளைகள்! கணக்கெடுப்புக்கு வருபவருக்கு வீட்டார் சரியான விபரம் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

ஆசனங்கள் பங்கிடப்பட்ட பின்னர் தொகுதி எல்லைகள் மீண்டும் வரையப்படும். ஒரு மாநிலத்துக்குள் உள்ள தொகுதிகள் யாவும் சம சனத்தொகை கொண்டிருக்க வேண்டும் என 1964இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ஒரு தொகுதியில் சராசரியாக ஏழரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

நோர்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தோர்

மினசோட்டா 1858இல் மாநிலமானது. ஐந்தாம் தொகுதியின் முதலாவது பிரதிநிதி 1883இல் பதவியேற்ற நூட் நெல்சன். நோர்வேயில் பிறந்து, தாயின் கைபிடித்துச் சிறுவனாக அமெரிக்கா வந்தவர் அவர். அப்போது இத்தொகுதி மாநிலத்தின் வடமேற்கே பரந்த விவசாய நிலங்களைக் கொண்டிருந்தது. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் பின்னர் எல்லைகள் மாறின. மிசிசிப்பி நதிக்கரையில் மா ஆலைகளாலும் மரத் தொழிலாலும் செழித்த மினியாபொலிஸ் நகரம் ஐந்தாம் தொகுதியாயிற்று. அன்று முதல் அந்நகரே அதன் இருதயம்.

நகரத் தொகுதியின் தொடக்ககால உறுப்பினர் லோரன் பிளெச்சர். மரமும் மாவும் அவரது தொழில். 1902ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரிடமிருந்து ஆசனத்தைப் பறித்தவர் ஜோன் லிண்ட். சுவீடனில் பிறந்த இவர், இளமையில் நேர்ந்த விபத்தொன்றில் இடது கையை இழந்தவர். மாநில ஆளுநராகவும் பணியாற்றியவர்.

1917 ஏப்ரலில் முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. 373 பேர் ஆம் என்றனர். 50 பேர் இல்லை என்றனர். அந்த ஐம்பதின்மருள் காங்கிரசின் முதற் பெண் உறுப்பினரான மொன்டானா மாநிலத்து ஜெனெட் ராங்கினும் ஒருவர். ஐந்தாம் தொகுதியின் ஏர்னஸ்ட் லுன்டீனும் ஒருவர். அடுத்த ஆண்டே லுன்டீனைக் கட்சி மீண்டும் வேட்பாளராக்கவில்லை. இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் என்பதன் பொருள் இதுதான். மக்கள் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியதில்லை. உறுப்பினரும் நீண்ட காலம் நிம்மதியாக இருக்க முடியாது.

1932இல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. எல்லை வரைவதில் மாநிலச் சட்டசபையும் ஆளுநரும் உடன்படவில்லை. எனவே தொகுதிகளே இல்லாமல் ஒன்பது உறுப்பினர்களையும் முழு மாநிலமும் சேர்ந்து தெரிவுசெய்தது. இரண்டு ஆண்டுகள் ஐந்தாம் தொகுதி என்று ஒன்று இருக்கவில்லை!

வைத்தியர், மனித உரிமைவாதி, சபாநாயகர்

1943 முதல் இருபது ஆண்டுகள் இத்தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வோல்ட்டர் ஜட். சீனாவில் கிறிஸ்தவ மிஷனரி வைத்தியராகப் பணிபுரிந்தவர். அக்காலத்தில் ஆசியாவிலிருந்து குடியேறியோர் பலருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை பெறவே சட்டம் இடமளிக்கவில்லை. இனத்தைக் காரணங்காட்டிப் பிரஜாவுரிமையை மறுக்கும் தடையை நீக்க ஜட் பல ஆண்டுகள் முயன்றார். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது நிறைவேறியது.

1962இல் எல்லைகள் மீண்டும் மாறின. அத்தேர்தலில் ஜட்டைத் தோற்கடித்தவர் ஜனநாயகக் கட்சியின் டொனால்ட் பிரேசர். அன்று முதல் இன்றுவரை அக்கட்சி இத்தொகுதியை இழந்ததில்லை. வெளிநாடுகளுக்கு உதவி வழங்கும்போது அந்நாடுகளின் மனித உரிமை நிலையையும் பார்க்கவேண்டும் என வாதிட்டு, 1973இல் தமது உபகுழு மூலம் விசாரணைகளை நடத்தியவர் பிரேசர். ஒவ்வொரு நாட்டினதும் மனித உரிமை பற்றி அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் வழக்கம் அம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவே வந்தது. இலங்கை பற்றிய அறிக்கையும் அவற்றுள் ஒன்று. தூரத்துத் தொகுதியொன்றின் வாக்கு எமது நாடு வரை வந்து சேர்ந்த வழி இது.

பிரேசருக்குப் பின்னர் 1979 முதல் 2007 வரை மார்ட்டின் சாபோ. நோர்வேக் குடியேறிகளின் மகன். 22 வயதிலேயே மாநிலச் சபைக்குத் தெரிவாகி, பின்னர் அதன் சபாநாயகராகவும் இருந்தவர். ஆரவாரமின்றி 28 ஆண்டுகள் பணியாற்றினார்.

ஒரே தெரு, வேறு மொழி

மினியாபொலிசில் சீடர் ரிவர்சைட் என்றொரு பகுதி உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் சுவீடன், நோர்வே மக்கள் கப்பலிலிருந்து இறங்கி வந்து முதலிற் குடியேறிய இடங்களுள் அதுவும் ஒன்று. கடைகளில் அவர்களது மொழியே ஒலித்தது. 1991இல் சோமாலியாவில் உள்நாட்டு யுத்தம் மூண்ட பின்னர், அகதிகளாக வந்த சோமாலியர் அதே பகுதியில் குடியேறினர். இன்று அங்குள்ள கடைகளில் சோமாலி மொழி கேட்கிறது. தொகுதியின் பெயரும் இலக்கமும் அப்படியே இருக்க, உள்ளே வாழும் மக்கள் மாறினர். வந்தோர் பிரஜைகளாகி வாக்காளராகப் பதிவுசெய்தபோது ஆசனமும் மாறியது.

2006இல் கீத் எலிசன் தெரிவானார். டெட்ரொயிட் நகரில் பிறந்த ஆபிரிக்க அமெரிக்கச் சட்டத்தரணி. பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இஸ்லாத்தை ஏற்றவர். 1789இல் கூடத் தொடங்கிய காங்கிரசின் முதலாவது முஸ்லிம் உறுப்பினர் இவரே. அவர் அல்-குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம் செய்யப் போவதாக அறிந்தபோது எதிர்ப்பு எழுந்தது. உண்மையில் உத்தியோகபூர்வச் சத்தியப்பிரமாணத்தில் எந்த வேதநூலும் பயன்படுவதில்லை. உறுப்பினர் யாவரும் ஒன்றாகக் கையுயர்த்துவர். நூல் வைப்பது அதன்பின் நடைபெறும் வைபவத்திற்கே. அரசாங்கப் பதவிக்குச் சமயத் தகைமை கோரக்கூடாது என அமெரிக்க அரசியலமைப்பும் கூறுகிறது. எலிசன் அமைதியாகக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து ஒரு பிரதியை வரவழைத்தார். அது அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் 1765இல் வாங்கிய அல்-குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பு.

136 ஆண்டுகளின் பின்னர் ஒரு பெண்

1883 முதல் 2019 வரை, அதாவது 136 ஆண்டுகள், ஐந்தாம் தொகுதி ஒரு பெண்ணைத்தானும் அனுப்பவில்லை. மினசோட்டாவிலிருந்து காங்கிரஸ் சென்ற முதற் பெண் ஒன்பதாம் தொகுதியின் கோயா நூட்சன். 1954இல் தெரிவானார். உயர்கல்வி கற்கும் மாணவருக்கு அரசாங்கக் கடனுதவி கிடைக்க உழைத்தார். 1958ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், அவர் அரசியலை விட்டு வீடு திரும்ப வேண்டும் என்று கணவர் ஒப்பமிட்ட கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள் என்பது பின்னரே தெரியவந்தது. அதற்குள் அவர் ஏறத்தாழ 1,400 வாக்குகளால் தோற்றுவிட்டார். வேலையில் குறை காணமுடியாதபோது, பெண்ணின் வீட்டைக் காட்டி வீழ்த்தினர்.

இல்ஹான் உமர் 1982இல் சோமாலியாவின் மொகதிசு நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். யுத்தத்தால் இடம்பெயர்ந்து கென்யாவின் அகதி முகாமில் நான்கு ஆண்டுகள் கழித்தார். 1995இல் அமெரிக்கா வந்தார். 14 வயதில் தமது பாட்டனாருடன் கட்சியின் உள்ளூர்க் கூட்டங்களுக்குச் சென்று அவருக்காக மொழிபெயர்த்ததே தமது அரசியல் தொடக்கம் என அவர் கூறியுள்ளார். 2016இல் மாநிலச் சபைக்கும், எலிசன் விலகிய பின் 2018இல் காங்கிரசுக்கும் தெரிவானார். அவரும் மிச்சிகன் மாநிலத்து ரஷீதா தலைபும் காங்கிரசின் முதலிரு முஸ்லிம் பெண்கள்.

அவருடைய பாதை மலர் தூவியதல்ல. இஸ்ரேல் தொடர்பான அவரது கருத்துகள் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. 2019இல் தாம் பயன்படுத்திய சில சொற்களுக்காக மன்னிப்பும் கோரினார். 2023இல் வெளிவிவகாரக் குழுவிலிருந்து 218க்கு 211 என்ற வாக்குகளால் நீக்கப்பட்டார். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் உண்மையான போட்டி, கட்சியின் வேட்பாளரை வாக்காளரே தெரியும் முதன்மைத் தேர்தலில்தான் நடக்கிறது. 2022ஆம் ஆண்டு முதன்மைத் தேர்தலில் அவர் ஏறத்தாழ 2,500 வாக்குகளால் மட்டுமே தப்பினார். 2024இல் கூடுதல் வித்தியாசத்தில் வென்றார். முதற் பெண் என்ற பெருமை ஒரு தேர்தலுக்குத்தான் உதவும். அடுத்த தேர்தலில் மக்கள் வேலையைத்தான் கேட்பர்.

எமக்குரிய பாடம்

நோர்வேயிலிருந்து வந்த சிறுவன், கையிழந்த சுவீடன்காரர், சீனாவில் மருந்து கொடுத்த வைத்தியர், அகதி முகாமில் வளர்ந்த பெண் ஆகிய எல்லோரும் ஒரே ஆசனத்திற்கு வந்தவர்கள். ஆசனம் எவருக்கும் சொந்தமல்ல. கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்களும், இடாப்பில் பெயருள்ளவர்களும், வாக்களிக்கச் சென்றவர்களுமே அதில் யாரை அமர்த்துவது எனத் தீர்மானித்தனர்.

அன்பு மாணவிகளே, உங்களுள் உயர்தர வகுப்பில் பயிலும் பலருக்கு 18 வயது நெருங்குகிறது. கிராம உத்தியோகத்தரிடம் உள்ள தேருநர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இவ்வாண்டே கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, வீட்டின் படிவத்தை நிரப்பும்போது மகன்மாரின் பெயரோடு மகள்மாரின் பெயரையும் மறவாது எழுதுங்கள். வீட்டில் எழுத வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்கள் இருந்தால், இல்ஹான் தமது பாட்டனாருக்குச் செய்தது போல, வாக்குச்சீட்டில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே அவர்களுக்கு விளக்கிக் கொடுங்கள். 14 வயதுப் பிள்ளைக்கும் அது இயலும்.