கடன் கணக்கு அழிந்தால் கடை மிஞ்சுமா?

களு கங்கை பெருக்கெடுக்கும் செய்தி வந்தால் இரத்தினபுரிக் கடைக்காரர்கள் முதலில் சரக்கைத்தான் மேல்மாடிக்கு ஏற்றுவார்கள். 2003 மே, 2017 மே வெள்ளங்கள் கற்றுத் தந்த பாடம் அது. கேகாலை மாவட்டத்திலோ மண்சரிவுதான் பெரும் அச்சம். 2016 மே 17 இல் அரநாயக்கவில் நடந்ததை எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அந்த அச்சத்தை மீண்டும் உண்மையாக்கியது.

அழிந்த சரக்கைத் திரும்பக் கொள்வனவு செய்யலாம். ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அழிந்தால்? தோட்டப்புறத்தை நம்பிய கடைகளில் சம்பள நாள் வரை கடன் கொடுத்தே வியாபாரம் நடக்கிறது. முன்பு கொப்பியில் இருந்த அக்கணக்கு இன்று பலரிடம் கணனியில் இருக்கிறது. அந்தக் கணனி ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து.

எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதை வீட்டுப் பிள்ளைகளின் பிளேஸ்டேஷனைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். பெட்டி பழுதானால் விளையாட்டை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் விளையாடி எட்டிய கட்டத்தைப் பதிந்து வைத்திருக்கும் சிறிய கோப்பு போனால், ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவேதான் அந்நிறுவனம் கட்டணச் சந்தாதாரரின் அக்கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் வசதியைத் தருகிறது. கடையிலும் இதே கதைதான். கணக்கு மென்பொருளை மீண்டும் நிறுவலாம்; அதற்குள் நீங்கள் எழுதிய கணக்கை எங்கும் வாங்க முடியாது.

இப்படி இணையத்தின் வழியே தூரத்துக் கணனிகளில் சேமிப்பதையே ‘முகில் சேமிப்பு’ என்கிறோம். கூகுள் டிரைவ் 15 ஜிகாபைட் வரை இலவசமாகத் தருகிறது. ஜிமெயிலும் புகைப்படங்களும் அதற்குள்தான் அடங்கும் என்றாலும், சிறு கடையின் கணக்குக்கு அது தாராளம். கவனிக்க வேண்டியவை இரண்டு. கணனியோடு ஒத்திசையும் கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் 30 நாட்களே இருக்கும். இரண்டு வருடங்கள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடவும் கூடும்.

முகிலில் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவை கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்கு மீட்டெடுக்கத்தக்க பிரதி இல்லாததே காரணம். அரசாங்கத்துக்கே இந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே கணனித் துறையினர் ‘3-2-1’ என்ற விதியைச் சொல்கின்றனர். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். சிறு வியாபாரிக்கு இதை இப்படி அமைக்கலாம்:

1. கடை மூடும் நேரத்தில், கணக்கு மென்பொருளிலேயே இருக்கும் பிரதியெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். திறந்திருக்கும் கோப்பை அப்படியே பிரதி செய்தால் அது பழுதாகலாம்.

2. அப்பிரதியை பென்டிரைவில் ஏற்றியதும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் தீநிரல் அதையும் விழுங்கிவிடும். இரவில் அது கடையில் இராமல் வீட்டுக்கு வரட்டும். வீடும் கடையும் ஒரே கட்டடமாயின் உறவினர் வீட்டில் வையுங்கள்.

3. வாரம் ஒருமுறையாவது முகிலில் ஏற்றுங்கள். இணைய இணைப்பு மந்தமான இடங்களில் இரவில் ஏற்றலாம்.

4. கோப்புக்குப் பெயராகத் திகதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இடுங்கள். ‘2026-01-31-கடன்’ என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். பழையதன் மேல் புதியதைப் பதியாதீர்கள்.

5. கடவுச்சொல்லை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முதலாளிக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்தினர் திண்டாடக்கூடாது.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கணக்கு அழிந்தால் நட்டம் நமக்கு மட்டுமல்ல. ஏற்கெனவே பணத்தைக் கட்டி முடித்த வாடிக்கையாளரும் அதை நிரூபிக்க வழியின்றி நிற்பார். அந்தக் கணக்கு நம்மிடமுள்ள ஓர் அமானிதம். அடுத்த மழைக்கு முன், இன்று மாலையே முதல் பிரதியை எடுத்துவிடுங்கள்.