வீடு கட்டும்போது உடைந்த பிளாட்பாரம்: பில் யார் கட்டணும்?



வீடு கட்ட பட்ஜெட் போடும்போது சிமென்ட், கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், கூலி, ஈ.பி. டெபாசிட் வரைக்கும் எழுதிடுவோம். ஒரு வரி மட்டும் பெரும்பாலும் யார் நோட்டிலும் இருக்காது: வாசலுக்கு முன்னாடி இருக்கிற பிளாட்பாரம். நானும் எழுதல. அதுக்கு நான் கொடுத்த விலை 41,000 ரூபாய்.

பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டினோம். எட்டு மாசம் லாரி ஏறி இறங்கினதில் நடைபாதை உள்வாங்கிடுச்சு, ஓரக்கல் நாலு உடைஞ்சுது. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டப்போ, "கடைசியா பார்த்துக்கலாம் சார்" என்றார். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் முழு செட்டில்மென்ட் கொடுத்தேன். அதுக்கப்புறம் அவர் போனை எடுக்கல.

அடுத்த மாசம் எதிர்வீட்டு அம்மா காலையில் பால் வாங்கப் போனப்போ அந்தப் பள்ளத்தில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. பணம் கேட்டு அவங்க வரல. ஆனா கட்டுப் போட்ட கையோட அவங்களைத் தினமும் பார்க்கிறது, 41,000 ரூபாயைவிடக் கஷ்டமா இருந்தது.

பொறுப்பு யாருடையது?

நம்ம ஊரில் நடைபாதை உள்ளாட்சியின் சொத்து. மழையில் பெயர்ந்தாலோ, மரத்தின் வேர் தூக்கினாலோ சரிசெய்ய வேண்டியது மாநகராட்சியோ நகராட்சியோதான். நியூயார்க் மாதிரி நகரங்களில் வீட்டு முன் நடைபாதையைப் பராமரிப்பதே வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கே அப்படி இல்லை.

ஆனா உங்க வேலையால் உடைஞ்சா கதை வேற. கட்டட அனுமதி உங்க பெயரில் இருக்கு. உள்ளாட்சி முதலில் கேட்கப்போவது உங்களைத்தான். "லாரி கான்ட்ராக்டருடையது" என்று சொல்லிட்டு நகர முடியாது. பொதுவழியில் ஆபத்து உண்டாக்கும் வேலையைச் செய்யச் சொன்னவருக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் சட்டத்தின் பொதுவான பார்வை. நீங்க கட்டின பணத்தைக் கான்ட்ராக்டரிடம் திரும்பக் கேட்கலாம். ஆனா அது உங்க ரெண்டு பேருக்கும் இடையிலான விஷயம்.

ஜல்லி, மணலை நடைபாதையில் கொட்டி வைப்பதும் இதில் சேரும். பொதுவழியில் இடையூறோ ஆபத்தோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.

ஏன் இவ்வளவு சீக்கிரம் உடையுது?

மனுஷங்க நடக்கிற இடத்துக்குப் பொதுவா 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் போதும். வண்டி ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டரும், கீழே கெட்டியான அடித்தளமும் வேணும். ஒரு யூனிட் எம்-சாண்ட் என்பது 100 கன அடி, அதாவது 4 டன்னுக்கு மேல. மூணு யூனிட் லாரி பின்பக்கமா ஏறினா, வண்டி எடையும் சேர்ந்து அந்தக் கல் தாங்குமா? கல் உடையறதுக்கு முன்னாடியே அடியில் இருக்கிற மணல் நகர்ந்துடும். அதனால மேல் கல்லை மட்டும் மாத்தினா, அடுத்த மழையில் மறுபடியும் பள்ளம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

புரியறதுக்காக ஒரு உதாரணம். உங்க ஊர் ரேட்டை நீங்களே விசாரிச்சுப் போட்டுக்கோங்க.

வாசல் அகலம் 30 அடி, நடைபாதை 6 அடி: 180 சதுர அடி
சதுர அடிக்கு 150 ரூபாய் என்று வைத்தால்: ரூ.27,000
ஓரக்கல் மாற்ற: ரூ.8,000
மொத்தம்: ரூ.35,000

60 லட்சம் ரூபாய் வீட்டில் இது 0.6 சதவீதம்கூட இல்லை. ஆனா கையிருப்பு முழுசும் கரைஞ்ச பிறகு இந்த 35,000 வந்தா, அது கிரெடிட் கார்டில்தான் போய் நிற்கும். வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல வட்டி போடும் கார்டுகள் உண்டு, மறந்துடாதீங்க.

வேலை தொடங்கும் முன் 5 விஷயங்கள்

1. போட்டோ, வீடியோ எடுங்க. பூஜை போடும் அன்னைக்கே நடைபாதை, ஓரக்கல், வடிகால் மூடி எல்லாத்தையும் தேதி தெரியும்படி எடுத்து வைங்க. ஏற்கெனவே உடைஞ்சது எது, நம்மால் உடைஞ்சது எது என்று சொல்ல இதுதான் சாட்சி.

2. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்க. "வேலையின்போது சாலை, நடைபாதை, வடிகாலுக்கு ஏற்படும் சேதத்தையும், அதனால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்பையும் ஒப்பந்ததாரரே ஏற்க வேண்டும்." இந்திய ஒப்பந்தச் சட்டம் 124-வது பிரிவு இப்படிப்பட்ட இழப்பீட்டு உறுதியை ஏற்கிறது.

3. பணத்தைப் பிடிச்சு வைங்க. கடைசித் தவணையில் 5 சதவீதத்தை நிறுத்தி வைப்பது கட்டுமானத்தில் சகஜம். நடைபாதை சரியாகும் வரை அது போகக் கூடாது. நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

4. லாரி ஏறும் இடத்தை முடிவு பண்ணுங்க. ஒரே இடத்தில் இரும்புத் தகடு போட்டு, அது வழியா மட்டும் ஏறச் சொல்லுங்க.

5. இன்சூரன்ஸ் கேளுங்க. கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசியில் மூன்றாம் நபர் பாதிப்புக்கும் கவர் இருக்கும். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் போதும் என்று நம்பிடாதீங்க.

ஏற்கெனவே உடைஞ்சுடுச்சா?

முதல்ல அந்த இடத்தில் தடுப்பு வைங்க, ராத்திரியில் கண்ணுக்குத் தெரியணும். அப்புறம் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்க. அவங்களே செய்து பணம் வாங்கலாம், இல்லை உங்களைச் செய்யச் சொல்லலாம். அனுமதி இல்லாம நீங்களே கான்கிரீட் போட்டு, கூடவே கார் ஏற ஒரு சாய்தளமும் வைச்சா, அது ஆக்கிரமிப்பு ஆயிடும். இடிச்சா அந்தப் பணமும் போச்சு.

பில், போட்டோ எல்லாம் சேர்த்துக் கான்ட்ராக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்க. பதில் இல்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உங்க ஒப்பந்தத் தொகை 50 லட்சம் வரை இருந்தா மாவட்ட ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சனை வந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

முடிவா ஒண்ணு

நான் கடைசியில் நடைபாதையைச் சரிபண்ணினேன், அடித்தளத்தோட. எதிர்வீட்டு அம்மா இப்போ அதே வழியாத்தான் பால் வாங்கப் போறாங்க. ஒரு மாசம் முன்னாடியே செய்திருந்தா அவங்க கை உடைஞ்சிருக்காது.

அதனால உங்க எஸ்டிமேட்டை இன்னைக்கே எடுங்க. கடைசி வரியா "நடைபாதை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகையைப் போடுங்க. அது செலவாகலைன்னா சந்தோஷமா வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கிக்கலாம்.