ஜெர்மன் சொல்லும் களிமண் படகும்

தாம்பரத்துத் தெருக்களில் நடந்து செல்வோர் ‘எல்.கே.ஜி. சேர்க்கை நடைபெறுகிறது’ என்னும் பலகையைக் காணாமல் வீடு திரும்புதல் அரிது. அவ்வெழுத்துக்களுள் பின்னிரண்டும் ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ‘கிண்டர்கார்ட்டன்’ என்றால் குழந்தைகளின் தோட்டம். ஃபிரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர், பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தாம் நடத்திய நிலையத்திற்கு 1840இல் இப்பெயரைச் சூட்டினார். அங்கே குழந்தையின் கையில் முதலில் கொடுக்கப்பட்டது புத்தகமன்று, நூற்பந்து. அதன் பின்னர் மர உருண்டை, உருளை, கனசதுரம். தொட்டும் உருட்டியும் அடுக்கியுமே குழந்தை அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நாமோ சொல்லை மட்டும் இறக்கிக்கொண்டு மரக்கட்டைகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்!

சொல்லையும் பொருளையும் பிரித்தால் என்ன நேரும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மின்சார ரயிலேறி நுங்கம்பாக்கம் சென்று, மாக்ஸ் முல்லர் பவனில் தொடக்க நிலை ஜெர்மன் பயின்று வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், முடிச்சூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றிற்குச் சனிக்கிழமைகளில் செல்லும் வாய்ப்பு வந்தபோது, கற்றதைக் கற்பிக்கும் ஆசை எழுந்தது. முதல் வாரம் கரும்பலகையில் இருபது சொற்களை எழுதினேன். பிள்ளைகள் பெருங்குரலில் ஒப்பித்தார்கள், நானும் மகிழ்ந்தேன். மறுவாரம் கேட்டால் ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

ஆகவே இரண்டாம் வாரம் கரும்பலகையை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பினேன். கருங்கல், கொட்டாங்கச்சி, இரும்பு ஆணி, ஓர் ஆரஞ்சுப் பழம், சேலையூர் ஏரிக் கரையிலிருந்து எடுத்து வந்த களிமண் ஆகியவற்றைப் பிள்ளைகளிடமே கொடுத்து, எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் தமிழில் சொல்லச் செய்தேன். பிறகு நீரில் இட்டார்கள். மிதந்தால் ‘ஷ்விம்ட்’ என்றும், மூழ்கினால் ‘ஸிங்க்ட்’ என்றும் கூவ வேண்டும். தோலுடன் மிதந்த ஆரஞ்சு, உரித்தபின் அடியிற் சென்றது. தோலின் நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும் காற்றின் செயல் அது. உருண்டையாக இட்டபோது மூழ்கிய களிமண், கிண்ணம்போல் வளைத்தபின் படகாய் மிதந்தது. எடை மாறவில்லை, அது தள்ளி ஒதுக்கும் நீரின் அளவே மிகுந்தது. அன்று கற்ற இரண்டு சொற்களையும் அடுத்த வாரம் ஒருவரும் மறக்கவில்லை.

இடையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “அண்ணா, மீன் நீந்துறதுக்கு என்ன சொல்லணும்?” என்று கேட்டாள். அதற்கும் ‘ஷ்விம்ட்’தான் என்றேன். “அப்போ கொட்டாங்கச்சிக்கும் உயிர் இருக்கா?” என்றாள். நான் திகைத்து நின்றேன். மிதத்தல், நீந்துதல் என்று தமிழ் பிரித்து வழங்கும் இரண்டையும் ஜெர்மன் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறது. அவ்வேறுபாட்டை விளக்கப் புகுந்து, மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பை, அதன் வாலசைவு, செத்த மீன் மிதப்பது வரை பேச்சு நீண்டுவிட்டது. அயல்மொழிச் சொல் ஒன்று தமிழ்ச் சொற்களின் நுட்பத்தையும், அதன் வழியே ஓர் அறிவியற் கேள்வியையும் வெளிக்கொணர்ந்ததை அன்றுதான் கண்டேன். பாட நூல் மட்டும் இருந்திருந்தால் அக்கேள்வி எழுந்திராது.

மூன்றாம் வாரம், எரியும் மெழுகுவர்த்தியின்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தோம். பிராணவாயுவிற்கு ஜெர்மானியர் இட்ட பெயர் ‘ஸவ்வர்ஷ்டோஃப்’, அதாவது புளிப்புப் பொருள். அமிலங்கள் யாவற்றிலும் அவ்வாயு உண்டு என்று லவாய்சியர் கருதியதால் வந்த பெயர் இது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று 1810இல் டேவி காட்டியபின்னும் பெயர் மாறவில்லை. ‘ஆக்சிஜன்’ என்பதிலும் இதே பிழை உண்டு. ஆயின் கிரேக்கம் அதை மறைத்து வைத்திருக்கிறது. நைட்ரஜனுக்கோ மூச்சடைக்கும் பொருள் என்று பெயர். சுடர் அணைந்ததைக் கண்ட பிள்ளைகளுக்கு அப்பெயருக்கு உரை தேவைப்படவில்லை. தம்ளரினுள் பிராணவாயு முழுதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்; பலரும் தவறாகக் கற்பிக்கும் இடம் அது.

இருமொழியே போதும் என்று 1968இல் முடிவு செய்த மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பிற்கு ஜெர்மன் எதற்கு என்று நண்பர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. கேந்திரீய வித்யாலயப் பள்ளிகளில் 2011இல் மூன்றாம் மொழியாக நுழைந்த ஜெர்மன், 2014இல் சமஸ்கிருதத்திற்காக அவ்விடத்தை விட்டு விலக நேர்ந்து, வழக்குமன்றம் வரை போனதையும் அறிவோம். தேர்வும் மதிப்பெண்ணும் கொண்ட மற்றொரு பாடத்தை நான் வேண்டவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு தொட்டி நீர், தமிழில் ஒரு கேள்வி, அதன்பின் இரண்டு அயற்சொற்கள். இவ்வளவே வேண்டுவது. ஆயின் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ஜெர்மன் சொல் வருமானால், எனது முதல் வாரத்துக் கதைதான் நடக்கும்.

அடுத்த சனிக்கிழமை காந்தம் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஈர்த்தலைக் குறிக்கும் ஜெர்மன் வினைச்சொல்லே ஆடை அணிதலையும் குறிக்கும். அச்சிறுமி என்ன கேட்கப் போகிறாளோ!