இடைச்சுற்றளவும் உடல்நலமும்

புலால் மறுத்த உணவு நம் இல்லங்களில் வழிவழியாக நிலவி வருவது. ஆதலின் நீரிழிவும் இதயநோயும் நம்மை எளிதில் அணுகா என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இவ்வெண்ணம் முழுதும் சரியன்று. சோறும் இட்டிலியும் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் மரக்கறி உணவே. எனினும் அளவு மிஞ்சின் அவை வயிற்றில் கொழுப்பாகச் சேரும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்த மலைப்பகுதியில் அமைந்த ஊர் நாட்றாம்பாளையம். கேழ்வரகுக் களியும் மேட்டுநில உழவும் இப்பகுதியின் பழைய வாழ்க்கை. உண்டது உழைப்பில் செலவாயிற்று. இன்றோ இத்தகைய ஊர்களின் இளைஞர்கள் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் வேலைக்குச் செல்கின்றனர். உடல் அசையாப் பணி, இரவு முறை, வேளை தவறிய உணவு ஆகியவை சேர்ந்தால், கைகால்கள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளுகிறது. இதனைச் செழுமை எனக் கருதலாகாது.

தோலின்கீழ்ப் படியும் கொழுப்பு ஒருவகை. குடல், கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சூழ்வது மற்றொரு வகை. உடலில் கொழுப்பு படியும் இடத்திற்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பதை பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947இல் எடுத்துரைத்தார். உள்ளுறுப்புக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் கல்லீரலை அடைய, இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து சோர்கிறது. இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. இரத்த அழுத்தமும் உடன் உயரக்கூடும்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. தானும் சுரப்புகளை வெளியிடுவது. மிகுந்த இன்சுலின் பெண்களின் சினைப்பையைத் தூண்டி, ஆண்மைச் சுரப்பைப் பெருக்கி, மாதவிலக்கைப் பிறழச் செய்யலாம். தொந்தியுள்ள ஆண்களிடமோ அதே சுரப்பு குறையலாம். ஆகவே மகப்பேறு தாமதமாகும் இல்லங்களில் மருமகளை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. இருவரும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. நம் நாட்டில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் உண்டென அது கூறுகிறது.

இதனை அறிய ஓர் அளவுநாடா போதும். நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இவற்றை எட்டினால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று.

மீளவும் வழியுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களிடம் நீரிழிவு வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

வயிறு நிறையுமுன் எழும் அவமௌதரியம் புறத்தவம் ஆறனுள் ஒன்று. இரவுண்ணாமையும் நம்மிடம் உண்டு. இவை அறங்கருதிக் கொண்டவை; எனினும் உடலுக்கும் துணை செய்வன. நோன்பிருந்து, பாரணையன்று நெய்யும் இனிப்பும் மிகுத்து உண்டால் அப்பயன் கெடும். நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே நோன்பேற்க வேண்டும். சோற்றைச் சற்றுக் குறைத்து, கேழ்வரகும் பயறும் காயும் சேர்த்து, நாளும் அரைமணி நடப்போமாக. இவ்வாரமே இல்லத்தார் அனைவரின் இடையையும் அளந்து குறித்து வைப்போமாக.