திரையிடுங்கள், பிறகு பேசவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியைக்கு,

திருவான்மியூரில் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஒரு மாலையில் குப்பத்து மக்களுக்கும் காட்ட, கட்டணமின்றிக் கிடைக்கும் சுற்றுச்சூழல் ஆவணப்படங்கள் எவை என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வி பல ஆசிரியர்களுக்கும் இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

சேகர் தத்தாத்ரியின் படங்களிலிருந்து தொடங்குங்கள். நம் சென்னைக்காரர். பள்ளி நாட்களிலேயே கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் அருகிலிருந்து காட்டுயிர்களைக் கற்றவர். 1991இல் வந்த ‘சைலன்ட் வேலி’ படத்துக்குத் தேசிய விருது பெற்றார். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்காகப் படமெடுத்துப் பெயர் வாங்கிய பிறகு, காடுகளைக் காக்க நேரடியாக உதவும் படங்களின் பக்கம் திரும்பினார். அவருடைய பல படங்களை யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். புலிகளைப் பற்றிய ‘தி ட்ரூத் அபௌட் டைகர்ஸ்’ (2010) அவற்றில் ஒன்று.

ஒரு படத்தால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் சக ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குக் குதிரேமுக் கதையைச் சொல்லுங்கள். கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், பத்ரா ஆறு பிறக்கும் மழைக்காட்டின் நடுவே இரும்புத்தாது வெட்டினார்கள். அந்தச் சேதத்தைத் தத்தாத்ரி 2001இல் ‘மைண்ட்லெஸ் மைனிங்’ என்ற சிறு படமாக எடுத்தார். 2005 முடிவதற்குள் சுரங்கத்தை நிறுத்த வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள், ஆய்வாளர்கள், செய்தியாளர்கள் எல்லோரும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. மலையேறிப் போய்ப் பார்க்க முடியாதவர்களுக்கு அங்கே நடப்பதை அந்தப் படம் காட்டியது. படத்தின் வேலை அதுதான். அது சிறிய வேலை அல்ல.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது, ஒடிசா கடற்கரையில் பங்குனி ஆமைகள் படும் பாட்டைப் பற்றி அவர் 2003இல் எடுத்த ‘தி ரிட்லீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’. அதே ஆமைகள்தான் ஜனவரி முதல் திருவான்மியூர் மணலிலும் ஏறி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரைகளில் செத்து ஒதுங்கியதை உங்கள் பிள்ளைகளில் சிலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

படம் ஆங்கிலத்தில் பேசும். முன்பே ஒருமுறை பார்த்து, ஒரு பக்க அளவில் தமிழில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒலியைக் குறைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். வலையைப் பற்றிய பேச்சு வரும்போது ஒரு கேள்வி போடுங்கள்: கடலிலேயே வாழும் ஆமை ஏன் தண்ணீரில் மூழ்கிச் சாகிறது? அதற்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலைக்குள் சிக்கினால் வர முடியாது என்ற பதிலைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு ஆமை விலக்குக் கருவியைப் பலகையில் வரைந்து காட்டுங்கள்: வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் மேலோ கீழோ ஒரு திறப்பு. மீன் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும். ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறும்.

இங்கே கவனம் தேவை. உங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் அவர்களைக் குற்றவாளிபோலப் பார்த்துவிடக் கூடாது. பெரிய விசைப்படகின் இழுவலை வேறு, குப்பத்து ஃபைபர் படகின் வலை வேறு. கடலை அறிந்த மீனவப் பெரியவர் ஒருவரை அழைத்து, அந்த வேறுபாட்டை அவர் வாயால் சொல்லவையுங்கள். அவர் சொல்லும் அரை மணி நேரம் எந்தப் படத்துக்கும் குறைந்ததல்ல.

அடுத்ததாக ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ (2017). கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. வரிகள் கபேர் வாசுகியுடையவை. தமிழிலேயே இருப்பதால் குப்பத்து மாலைக்கும் பொருந்தும். மேல்வகுப்புகளுக்கு ‘ஹோம்’ காட்டலாம். யான் ஆர்த்யூஸ்-பெர்த்ரான் இயக்கிய இந்தப் படம், 2009 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, எல்லோரும் இலவசமாகப் பார்க்கட்டும் என்றே வெளியானது.

இலவசம் என்றால் எங்கும் திரையிடலாம் என்று பொருள் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிலையத்தில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் படம் காட்ட இடம் தருகிறது. குப்பத்திலோ குடியிருப்பு வளாகத்திலோ காட்டுவதற்கு அந்தச் சலுகை போதாது. படமெடுத்தவருக்கு இரண்டு வரி எழுதி அனுமதி கேளுங்கள். மக்கள் பார்க்க வேண்டும் என்றே எடுக்கப்பட்ட படங்கள் இவை. கேட்பவரைப் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள்.

கடற்கரை மணலில் திரை கட்டும் எண்ணம் இருந்தால் ஆமைப் பருவத்தில் வேண்டாம். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து, கடலை விட்டுச் சாலைப்பக்கம் போய்விடும். சமுதாயக் கூடம் போதும்.

டிசம்பருக்குள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அரை மணி நேரம் படம், ஒரு மணி நேரம் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில், விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதத்தோடு ஆமை நடைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்