ஹாரன் அடிக்கவில்லையா? லோடு கொடுத்துப் பாருங்கள்!



வண்டியில் பிரேக்குக்கு அடுத்தபடியாக உயிரைக் காப்பது ஹாரன். திண்டிவனம் – விழுப்புரம் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு இது தெரியும். குறுக்கே மாடும் வரும், டி.வி.எஸ். 50-யும் வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதியும் ஹாரன் கட்டாயம் என்கிறது. ஆனால் அது அடிக்காவிட்டால் உடனே புது ஹாரன் வாங்கி மாட்டுவதுதான் பலருடைய வழக்கம். கோளாறு ஹாரனில்தான் என்று யார் சொன்னது?

மின்சாரம் வரும் வழி

பேட்டரி, ஃபியூஸ், ரிலே, ஹாரன், எர்த் – இதுதான் பாதை. ரிலேயில் 30-ஆம் முனைக்கு பேட்டரி சப்ளை வரும். 87-லிருந்து ஹாரனுக்குப் போகும். 85, 86 காயிலின் முனைகள். பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் பட்டனை அமுக்கினால் காயிலுக்கு எர்த் கிடைக்கும். ரிலே "டிக்" என்று இழுக்கும்.

நான் பார்த்த ஒரு கேஸ்

விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்பிளான்ட் டிரெயினிங்கில் இருந்தபோது, திண்டிவனத்திலிருந்து ஒரு டாக்சி வந்தது. மரக்காணம் உப்பளம் பக்கம் தினமும் போய்வருகிற வண்டி. "தம்பி, புது ஹாரன் போட்டாச்சு. அப்பவும் முனகுது" என்றார் டிரைவர் அண்ணன்.

பிளக்கைக் கழற்றி, பட்டனை அமுக்கச் சொல்லி மீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட்! கரண்ட் சரியாக வருவதுபோல் தெரியும். ஆனால் மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது. ஹாரனோ சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். அதனால் பிளக்கை மாட்டி, ஹாரன் அடிக்கும்போதே அளந்தேன். ஹாரனில் 8.6 வோல்ட்தான். பேட்டரி நெகடிவுக்கும் ஹாரனின் எர்த் முனைக்கும் நடுவில் 3.3 வோல்ட்! எர்த் போல்ட்டில் உப்புக் காற்றுத் துரு. ஏறக்குறைய ஒரு ஓம் அளவேயான அந்தத் தடைதான் ஹாரனை முனக வைத்தது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவியதும் கணீரென்று அடித்தது. பழைய ஹாரனை மாட்டிப் பார்த்தோம்; அதுவும் நன்றாகவே அடித்தது!

சோதிக்கும் முறை

1. முதலில் ஃபியூஸ். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பேப்பர், செம்புக் கம்பி சுற்றவே கூடாது; வயரிங் எரியும். மறுபடி போனால் ஷார்ட் எங்கே என்று தேடுங்கள்.

2. பட்டனை அமுக்கிக் காது கொடுங்கள். "டிக்" கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே காயில், ஸ்டியரிங் சுவிட்ச் பக்கம் பாருங்கள். கேட்டால் ரிலே கான்டாக்ட், ஒயர், ஹாரன், எர்த் பக்கம் பாருங்கள்.

3. ஹாரன் பிளக்கில் 21 வாட் பல்பு மாட்டி, பட்டனை அமுக்குங்கள். பளிச்சென்று எரிந்தால் ஹாரனைச் சந்தேகிக்கலாம். மங்கினால் வழியில் தடை. எரியவே இல்லையென்றால் சப்ளையோ எர்த்தோ இல்லை.

4. அட்ஜஸ்டிங் ஸ்குரூ இருந்தால் கால் சுற்றுக்குமேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். கரண்ட் கூடி கான்டாக்ட் கருகும்.

5. நிற்காமல் அடித்தால் ரிலேயைப் பிடுங்குங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு ரிலே ஒட்டிக்கொண்டதா, பட்டன் ஷார்ட்டா என்று பாருங்கள்.

ஜாக்கிரதை!

ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் நடுமூடியைக் கழற்றுவது நம் வேலை அல்ல; பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். அதன் மஞ்சள் கனெக்டர்களில் டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது. ஹாரன் இருப்பது ரேடியேட்டர் பக்கம்; எஞ்சின் நின்றிருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுற்றலாம், கையை விடாதீர்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்தும் சோதிக்காதீர்கள்.

நண்பர்களே, பாகத்தை மாற்றுகிறவன் வேறு, பழுதைக் கண்டுபிடிக்கிறவன் வேறு. வாடிக்கையாளர் பணத்தை வீணாக்காமல் இரண்டாமவனாக இருப்போம். சரிசெய்த ஹாரனைத் தேவையில்லாமல் அடிக்காமலும் இருப்போம். 2019 சட்டத் திருத்தப்படி அதற்கு முதல் முறை 1,000 ரூபாய் அபராதம்!