கருவேலம் வேறு, சீமைக்கருவேலம் வேறு!



எங்க தெருமுனையில் ஒரு முள்மரம் இருந்தது. "சீமைக்கருவேலம், தண்ணிய உறிஞ்சிடும்" என்று சொல்லி வெட்டிட்டாங்க. எங்க ஆயா வந்து பார்த்துட்டு, "ஐயோ, இது பல்லு விளக்குற கருவேலம் ஆச்சே!" என்றார்கள். பெயர் ஒன்றுபோல இருந்ததால் நல்ல மரம் போய்விட்டது. ஆகவே முள்மரங்களின் பெயர்களைத் தெரிந்து கொள்வோம்.

1. கருவேலம்: பட்டை கருப்பு. பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இடுங்கி இருக்கும். ஏர், வண்டிச்சக்கரம் செய்ய உதவும். பிசினும் தரும்.

2. வெள்வேலம்: பட்டை வெளுப்பு.

3. குடைவேலம்: மேலே விரித்த குடை மாதிரி இருக்கும். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் உண்டு. உடைமரம் என்றும் சொல்வார்கள்.

4. வன்னி: விருத்தாசலம் கோயிலின் தலமரம். முள் சின்னதாகச் சிதறி இருக்கும். பூ கதிர் போல நீளம்.

5. சீமைக்கருவேலம்: சீமை என்றால் வெளிநாடு. அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-இல் இந்தியாவுக்கு வந்தது. பெயரில் வேலம் இருந்தாலும் இது வன்னிக்குத்தான் நெருங்கிய சொந்தம்! பூ கதிர் போல இருக்கும். காய் மணி மணியாக இருக்காது, நீட்டமாக மஞ்சளாக இருக்கும்.

நம் கருவேலம் தென்னாப்பிரிக்காவிலும் வளர்கிறது. அங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதன் பெயருக்கு 'நல்ல வாசனைக் காய்' என்று அர்த்தம். நாம் பட்டையைப் பார்த்தோம், அவர்கள் காயை மோந்து பார்த்தார்கள்! நம் இலந்தைக்குச் சொந்தமான ஒரு மரத்தின் பெயர் 'கொஞ்சம் நில்லு'. அதன் கொக்கி முள் துணியைப் பிடித்து இழுக்குமாம். எந்த ஊரிலும் மரத்தைக் கவனித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவு போட்டது. ஆனால் அடையாளம் தெரியாமல் அரிவாளை எடுத்தால் என்ன ஆகும்? வெட்டும் முன் பூவைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் அது சீமைக்கருவேலம் இல்லை. கதிராக இருந்தால் வன்னியா என்று முள்ளையும் பாருங்கள்.

எங்க தெருமுனையில் அந்தக் கட்டை இன்னும் இருக்கு. சந்தேகம் உள்ளவங்க வந்து பாருங்க, பட்டை கருப்புதான்.



– 9-ஆம் வகுப்பு மாணவி